கைப்புக்கு எத்தனை மதிப்பெண்?

ஆங் மோ கியோ என்ற பெயரை முதன்முதலில் கேட்கும் தமிழருக்கு அது ஏதோ ஒரு சீனத்துக் கோயிலின் பெயர்போலத் தொனிக்கக்கூடும். ஆனால் ஹொக்கியன் மொழி அறிந்த அண்டைவீட்டுக்காரரிடம் விசாரித்தால், ‘ஆங் மோ’ என்பது செம்முடி, அதாவது செம்பட்டைத் தலைமயிர் படைத்த வெள்ளைக்காரன் என்றும், ‘கியோ’ என்பதைப் பாலம் என்று கொள்வோர் ஒரு சாராரும் கத்தரிக்காய் என்று கொள்வோர் மற்றொரு சாராருமாக இருக்கிறார்கள் என்றும், இரண்டாம் கட்சியின்படி வெள்ளைக்காரன் கத்தரிக்காயாவது தக்காளியே என்றும் புன்சிரிப்போடு விளக்குவார். பாலத்துக் கட்சிக்காரர்கள், 1841 முதல் 1853 வரை சிங்கப்பூரில் அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் என்ற ஆங்கிலேயரைத் தங்கள் தரப்புச் சாட்சியாக அழைப்பதுண்டு. எந்தக் கட்சி ஜயித்தாலும் ஊர்ப்பெயரில் வெள்ளைக்காரன் நிலைத்துவிட்டான் என்பதில் ஐயமில்லை. அவன் ஊரைவிட்டுப் போனபின், 1970-களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இங்கே அடுக்குமாடிகளை எழுப்பிற்று; 1987 நவம்பர் 7-ஆம் தேதி நாட்டின் முதல் விரைவு ரயில் இவ்வூர் வழியாகத்தான் ஓடிற்று.

அந்தத் தக்காளியூரின் பன்னிரண்டாம் மாடி வீடொன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெள்ளைக்காரன் தன் சொந்த ஊரில் அந்திப்பொழுதை எதனோடு கழிக்கிறானோ அந்தப் பானத்தை, ‘பிட்டர்’ என்று அவன் பெயரிட்டழைக்கும் பியரை, முறைப்படி ருசிபார்த்து மதிப்பெண் இடுவது என்ற உத்தேசத்தோடு நாங்கள் மூவர் உட்கார்ந்தோம். மூத்தவர் என் அடுத்த வீட்டு அண்ணன், எழுபத்தைந்து வயது, செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில், மீசை அரும்பும் பருவத்திலேயே, அங்கே உணவுக்கூடத்தில் கையாளாக வேலை பார்த்தவர். மேசைமேல் புட்டிகளை நிறுத்தி வைத்ததும், ஒன்றைக் கையிலெடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“தம்பி, வெள்ளைக்காரன் இங்க இருந்தவரைக்கும் நம்ம டைகரத்தான் குடிச்சான். அவன் ஊருச் சரக்க இப்பத்தான் கண்ணால பாக்குறேன்.”

“ஏன்ணே, அவங்க ஊர்லேர்ந்து கொண்டாரலையா?”

“வெயில்ல கெட்டுப்போயிருமாம். நமக்கென்ன தெரியும்? ஐஸ்ல வச்சுக் குடுன்னா குடுப்போம்.”

வெயிலில் கெட்டுப்போகும், ஐஸில் வைத்தாலும் கெட்டுப்போகும் என்ற இரண்டுக்கும் நடுவே, சன்னமான ஒரு இடைவெளியில் வாழ்கிற பானம் இது. அதை இந்தப் பூமத்தியரேகை ஊரில் நியாயமாக மதிப்பிடுவது எப்படி என்பதுதான் அன்றைய எங்கள் கேள்வி.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். பிட்டர் என்றால் கைப்பு. நம்மவர் இந்தப் பெயரைக் கேட்டதும் கண்முன் வருவது வேப்பங்கொழுந்தோ நிலவேம்புக் கஷாயமோதான். ஆனால் அறுசுவையில் கைப்புக்கும் ஓர் ஆசனம் போட்டு வைத்திருக்கும் ஜாதி நாம். சித்திரை முதல்நாளில் வேப்பம்பூப் பச்சடி உண்டு, சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் பொரித்துப் பிசைந்து, பாகற்காயைப் புளிவிட்டு வதக்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆங்கிலக் கைப்பு ஒரு குழந்தைக் கைப்பு. பாகற்காய்க் குழம்பில் வெல்லமும் புளியும் கைப்பைச் சுற்றி நின்று அதை எப்படித் தனியே துருத்தவிடாமல் பார்த்துக்கொள்கின்றனவோ, அப்படியே இதில் முளைத்த பார்லியின் இனிப்பு கைப்பைத் தாங்கி நிற்கிறது. வாயில் வைக்கும்போது இனிப்பு முன்னே வந்து, விழுங்கியபின் கைப்பு பின்னே வந்து, நாக்கை உலர்த்தி, அடுத்த வாய்க்கு இடம் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறது. பிட்டர் என்ற பெயரும், மதுக்கடையில் இனிப்பான பிற ஏல் வகைகளிலிருந்து இதைப் பிரித்துக் கேட்பதற்காகக் குடிப்பவர்கள் வைத்துக்கொண்டதே. காய்ச்சியவர்கள் ‘பேல் ஏல்’, வெளிறிய ஏல் என்றுதான் நெடுங்காலம் எழுதினார்கள்.

பியர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் குலத்தில் இரண்டு கிளைகள் உண்டு. டைகர், ஆங்கர், ஹைனெக்கன் எல்லாம் லாகர் கிளையைச் சேர்ந்தவை. குளிரான பக்குவத்தில் மெதுவாகப் புளித்து, பல நாள் குளிரிலேயே கிடந்து தெளிந்து, வாயில் சுத்தமாகவும் கூர்மையாகவும் இருப்பவை. ஏல் கிளையோ, ஏறக்குறைய 18, 20 டிகிரி வெதுவெதுப்பில் சில நாட்களிலேயே கொதிப்பதுபோல் நுரைத்துப் புளித்துவிடும். அந்த வெதுவெதுப்பில் ஈஸ்ட் சும்மா இராமல் பழவாசனைகளை உண்டாக்குகிறது. ஆரஞ்சுத் தோல், சில சமயம் பழுத்த பேரிக்காய், சில சமயம் காய்ந்த திராட்சை என்று பிட்டரில் நாம் மோந்து பிடிக்கும் பழங்களில் ஒன்றைக்கூடக் காய்ச்சியவர் அண்டாவில் போடவில்லை. எல்லாம் ஈஸ்டின் கைங்கரியம்.

மால்ட் என்பதை விளக்க நமக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வறுத்துத் திரித்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிய பாட்டிமார்களுக்கு அந்த வித்தை முழுவதும் தெரியும். கேழ்வரகுக்குப் பதில் பார்லி, அவ்வளவே. முளைத்த தானியத்தைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. ஆங்கிலப் பிட்டருக்கென்றே பேர்பெற்ற பார்லி ஒன்று உண்டு. மாரிஸ் ஆட்டர் என்று பெயர். கேம்பிரிட்ஜ் தாவர ஆராய்ச்சியாளர்கள் 1960-களில் விருத்தி செய்தது. விளைச்சலில் தன்னைவிடத் தாராளமான ரகங்கள் பல வந்துவிட்டபோதிலும், பிஸ்கட் மணத்தின் பொருட்டு இன்றைக்கும் கூடுதல் விலை கொடுத்து வாங்கப்படுவது. இதனோடு, வறுபடும்போது சர்க்கரை மணிமணியாக உறைந்த ‘கிரிஸ்டல்’ மால்ட் சிறிது சேர்ப்பார்கள். தேன் நிறமும் வெல்லப்பாகு வாசனையும் அதனால் வருகின்றன.

கைப்பைத் தருவது ஹாப் என்னும் கொடியின் பூ. கென்ட் மாகாணத்துக் கோல்டிங்ஸ், ஃபகிள் என்பவை ஆங்கிலேயரின் பரம்பரை ரகங்கள். மண்ணும் புல்லும் கலந்த, சற்றே தேன்வாடை வீசும் அடக்கமான மணம் உடையவை. பூவைக் கொதிக்கும் சாற்றில் ஒரு மணி நேரம் போட்டால் கைப்பு இறங்கும், மணம் பறந்துவிடும். இறக்கும் தறுவாயில் போட்டால் மணம் நிற்கும், கைப்பு இறங்காது. ரசத்துக்கு மிளகையும் புளியையும் கொதியிலே விட்டு, கொத்தமல்லித் தழையை நுரைகட்டி இறக்கும்போது கிள்ளிப் போடுகிறவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

நான்காவது வஸ்து தண்ணீர். இதற்குத்தான் ஒரு சரித்திரமே இருக்கிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ட்ரெண்ட் நதிக்கரையில் பர்ட்டன் என்ற ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் கரைந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் காய்ச்சிய ஏலில் ஹாப்பின் கைப்பு கத்தி தீட்டியதுபோல் துல்லியமாக நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில பேல் ஏலுக்குத் தலைநகரம் பர்ட்டனே. பிற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தைக் கலந்து அதைப் பின்பற்றினார்கள். பர்ட்டனின் பாஸ் கம்பெனி தன் புட்டிகளில் ஒட்டிய செந்நிற முக்கோணம், 1876 ஜனவரி முதல் தேதியன்று பிரிட்டனின் முதலாவது பதிவுபெற்ற வர்த்தகச் சின்னமாயிற்று; 1882-ல் பாரிஸின் ஒரு கேளிக்கைக்கூடத்தை வரைந்த மானே என்ற பிரெஞ்சு ஓவியரின் புகழ்பெற்ற சித்திரத்தில், பணிப்பெண்ணுக்கு அருகே அந்த முக்கோணப் புட்டி இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. இந்தப் பேல் ஏலின் நெருங்கிய உறவுதான் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் பீப்பாய்களிலே கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்தியரேகையை இருமுறை தாண்டி, மாதக்கணக்கில் பயணம் செய்து கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் வந்து சேர்ந்தது. ஹாப்பைத் தாராளமாகச் சேர்த்ததனால் அது பயணத்தைத் தாங்கிற்று. ஊரிலேயே தங்கிவிட்ட பிட்டருக்கோ அந்தத் திடம் வேண்டியிருக்கவில்லை. அது நாளுக்கு நாள் இலேசாகி, முதல் உலக யுத்தத்தின் வரியும் தானியத் தட்டுப்பாடும் சேர்ந்து அழுத்தியபின் நூற்றுக்கு நான்கு பங்கு மதுசாரத்தைச் சுற்றியே நின்றுவிட்டது. இது குறையல்ல. இரண்டு கோப்பை அருந்தியபின்னும் எதிரே இருப்பவர் சொல்வதற்குக் கோர்வையாகப் பதில் சொல்லும்படி விட்டுவைக்கிற பானம், டைகரின் 5 பங்கையும், நம் காப்பிக்கடைகளில் சிலர் தேடிக் கேட்கும் 8 பங்குக்கு மேற்பட்ட ‘ஸ்ட்ராங்’ வகைகளையும் ஒப்பிட்டால், நாகரிகமுள்ள பானம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, அண்ணன் சொன்ன ‘வெயிலில் கெட்டுப்போகும்’ விஷயம். அசல் பிட்டர் என்பது புட்டியில் இருப்பதல்ல. அது மதுக்கடையின் நிலவறையில், பீப்பாய்க்குள், உயிரோடு இருப்பது. தொழிற்சாலையைவிட்டு வெளியேறும்போது அது முழுமை பெற்றிருப்பதில்லை. பீப்பாய்க்குள்ளே எஞ்சிய ஈஸ்ட் இரண்டாம் முறையாக மெல்லப் புளிக்கவைத்து, இயற்கையாகச் சிறிதளவு வாயுவை உண்டாக்க, நிலவறைக்காரர் அதைத் தெளியவிட்டு, நாள் பார்த்துத் திறக்கிறார். தெளியவைப்பதற்குச் சம்பிரதாயமாகச் சேர்ப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை. சைவ உணவுக்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்களானால் அவர்கள் தனியல்ல, இங்கிலாந்திலேயே பலர் சுளித்து, இப்போது சில காய்ச்சகங்கள் அதை விட்டுவிட்டன. திறந்த பீப்பாய் ஏறக்குறைய மூன்று நாள் தாங்கும். அதன்பின் காற்றுப் பட்டுக் காடியின் வழியில் போகத் தொடங்கும். அதை மேலே ஏற்றுவதும் வாயுவின் அழுத்தத்தாலல்ல, கைப்பம்பினால். பூட்டுச் செய்வதில் பேர்போன ஜோசப் பிரமா என்பவர் 1797-ல் அந்தப் பம்புக்குக் காப்புரிமை பெற்றார். கிணற்றடியில் பம்பை அடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கைப்பிடியின் இழுவை பரிச்சயமானதாகவே இருக்கும்.

1960-களில் பெரிய காய்ச்சகங்கள், இந்த நிலவறைத் தொல்லையெல்லாம் எதற்கு என்று, பியரை வடிகட்டி, சூடாக்கி, ஈஸ்டைக் கொன்று, வாயுவை அடைத்து, எந்த முட்டாளும் குழாயைத் திருப்பினால் வரும்படி செய்துவிட்டன. பிட்டர் மறைந்தே போயிருக்கும். 1971-ல் நான்கு இளைஞர்கள், அயர்லாந்துக்கு உல்லாசப் பயணம் போன இடத்தில், ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து ‘காம்ரா’ என்ற இயக்கத்தை ஆரம்பித்தார்கள். உயிருள்ள ஏலை மீட்பது அதன் நோக்கம். அரசியல் கட்சிகளே பொறாமைப்படும்படி அது வளர்ந்தது. 1978 முதல் ஆண்டின் மிகச் சிறந்த பியரைத் தேர்ந்தெடுத்து வருகிறது. பரிசு என்று வந்துவிட்டால் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது அல்லவா?

அந்த உயிருள்ள பீப்பாய் ஆங் மோ கியோவுக்கு வந்துசேர வழியில்லை. நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி இருக்கவேண்டும். இங்கே மத்தியானத்தில் 31, 32. நள்ளிரவிலும் 25-க்குக் கீழே இறங்கத் தயங்கும். ஆகையினால் இந்தத் தீவின் பியர்ச் சரித்திரம் முழுவதும் லாகரின் சரித்திரமாகவே ஆயிற்று. ஃப்ரேஸர் அண்டு நீவ் கம்பெனியும் டச்சுக்காரரின் ஹைனெக்கனும் கூட்டுச் சேர்ந்து மலாயன் புரூவரீஸை அமைத்து 1932-ல் டைகரை வெளியிட்டன. அதே காலத்தில் ஜெர்மானியர்கள் ஆர்க்கிபெலகோ என்ற காய்ச்சகத்தை நிறுவி ஆங்கரைக் கொணர்ந்தார்கள். யுத்தம் வந்ததும் அது பகைவர் சொத்தென்று பறிமுதலாகி, 1941-ல் டைகர்க்காரர் கைக்கே வந்துவிட்டது. ஆட்சி ஆங்கிலேயனுடையது, பியரோ ஜெர்மானிய, டச்சு வழியிலானது; அவனும் வேறு வழியின்றி அதையே விரும்பிக் குடித்து, அந்தோணி பர்கஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1956-ல் தம் முதல் மலாயா நாவலுக்கு டைகரின் விளம்பர வாசகத்தையே தலைப்பாக்கும் அளவுக்குப் போயிற்று. 1997-ல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ‘புரூவர்க்ஸ்’ தொடங்கியதுமுதல் உள்ளூரிலேயே ஏல் காய்ச்சுகிறவர்கள் சிலர் தோன்றினார்கள். ஆயினும் காப்பிக்கடை மேசையில் பெரிய புட்டியும், ஐஸ்கட்டி நிரம்பிய கைப்பிடிக் குவளையும், அதை நிரப்பிக்கொண்டே வரும் பியர் அக்காவுந்தான் இன்றைக்கும் ஊரின் வழக்கம். அந்த ஐஸ்கட்டியை நான் பழிக்கமாட்டேன். முப்பத்திரண்டு டிகிரியில் அதுவும் ஒரு தர்மந்தான்.

ஐஸ்கட்டிக்குப் பழகிய நாக்கோடு பிட்டருக்கு மதிப்பெண் இடுவதில்தான் அநியாயம் நேர்கிறது. “சப்பென்று இருக்கிறது”, “காஸ் இல்லை”, “ஆறிப்போன பியர்” என்று மூன்றே வாக்கியங்களில் தள்ளிவிடுவார்கள். ஒரு பானத்தை அதன் இனத்து இலக்கணத்தை வைத்தல்லவா அளக்கவேண்டும்? இட்டிலியை முறுகலில்லை என்று குறைசொல்லும் தோசைப் பிரியனின் தீர்ப்பு என்ன மதிப்புப் பெறும்?

இலக்கணம் எழுதிவைத்திருக்கிறார்கள். 1985-ல் அமெரிக்காவில் அமைந்த பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தார், பிட்டரைச் சாதாரணம், சிறந்தது, திடமானது என்று மூன்றாக வகுத்து, நடுவகைக்கு மதுசாரம் 3.8 முதல் 4.6 வரை என்றும், கைப்பு 25 முதல் 40 அலகு வரை என்றும் நிர்ணயித்திருக்கிறார்கள். ஓர் அலகு என்பது ஏறத்தாழ ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் ஹாப்புக் கைப்பு. மொத்த மதிப்பெண் 50. அதில் வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் வாயுவுக்கும் 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. பார்வைக்கு வெறும் மூன்றுதான் என்பதைக் கவனிக்கவேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்களுக்கும் இந்த விகிதாசாரத்தைச் சிபாரிசு செய்யலாம். காம்ராக்காரர்களின் முறையோ மிக எளியது: சைபர் முதல் ஐந்துவரை; குடிக்கத் தகாததற்கு சைபர், குற்றமே காணமுடியாததற்கு ஐந்து. ஆனால் அவர்கள் அளப்பது பியரின் பிறவிக் குணத்தையல்ல, அன்று அந்தக் கடையில் அது எப்படிப் பராமரித்துத் தரப்பட்டது என்பதையே. பாடகரின் வித்துவத்தை அளப்பது வேறு, அன்றைய கச்சேரியை அளப்பது வேறு. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த புட்டியை ருசிபார்க்கும் எங்களுக்கு இரண்டும் தேவையாயிருந்தன.

எங்கள் மேசையில் மூன்று புட்டிகள். முதலாவது ஃபுல்லர்ஸ் காய்ச்சகத்தின் லண்டன் பிரைடு. லண்டனின் மேற்கே சிஸ்விக்கில் 1845 முதல் அந்தப் பெயரில் நடந்துவந்து, 2019-ல் ஜப்பானின் அசாஹி வசமான காய்ச்சகம் அது. பீப்பாயில் இந்தப் பியரின் மதுசாரம் 4.1, புட்டியில் 4.7. இரண்டாவது அதே வீட்டின் திடமான பிள்ளையான ஈ.எஸ்.பி.; புட்டியில் 5.9; காம்ராவின் தலையாய பரிசை 1978, 1981, 1985 என மூன்று முறை வென்றது. மூன்றாவதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் தெரியும். சிங்கப்பூரில் பியருக்கு உற்பத்தித் தீர்வை அதிலுள்ள சுத்த மதுசாரத்தில் லிட்டருக்கு 60 வெள்ளி; அரை லிட்டர் லண்டன் பிரைடில் 23.5 மில்லிலிட்டர் மதுசாரம் இருக்கிறபடியால், வாயைத் திறக்கும் முன்னரே அரசாங்கத்துக்கு 1 வெள்ளி 41 காசு செலுத்திவிட்டோம். அதற்கு மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. இப்படி விலையேறிய பானத்தை ஐஸில் அமிழ்த்தி ருசியைக் கொல்வது சிக்கனத்துக்கும் விரோதம்.

லண்டன் பிரைடு ஒரே புட்டியை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பாதிப்பாதியாக ஊற்றினேன். ஒன்றைக் குளிர்பதனப் பெட்டிக்கே திருப்பி அனுப்பிவிட்டு, மற்றதைச் சமையலறைத் தெர்மாமீட்டரோடு மேசைமேல் வைத்தேன். பாதி திறந்த ஜன்னல், கீழே புளோக்குகளுக்கு நடுவில் பூப்பந்து ஆடும் பிள்ளைகளின் கூச்சல், மின்விசிறி. 5 டிகிரியில் ஆரம்பித்த முள், குவளையின் புறத்தே துளித்த நீர் வட்டமாக வழிந்து மேசைத்துணியை நனைத்துக்கொண்டிருக்க, கால் மணிக்குச் சற்று அதிகமானபோது 12-ஐத் தொட்டது. பெட்டியிலிருந்து முதல் குவளையை வெளியே எடுத்து இரண்டையும் அருகருகே வைத்தோம். நிறம் ஒன்றே: கோரைப்பாய் விரித்த திண்ணையில் விழும் சாயங்கால வெயிலின் நிறம், தெளிவான தாமிரம். குளிர்ந்ததை மோந்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நனைந்த உலோகத்தின் வாடை, தூரத்தில் ஏதோ இனிப்பு. சுவைத்தால் கைப்பு மட்டும் தனியே நின்று நாக்கைக் குத்திற்று. பன்னிரண்டு டிகிரிக் குவளையிலோ மூக்கை நுழைக்கும்போதே ஆரஞ்சு மர்மலேட், அதற்கு அடியில் வறுத்த ரொட்டி, இன்னும் அடியில் காய்ந்த புல். வாயில் மால்ட்டு பரவி, நடுநாக்கில் பாகுபோல ஒரு கணம் நின்று, கைப்பு மெல்ல மேலெழும்பி அதை மூடிற்று.

அண்ணன் இரண்டையும் மாற்றிமாற்றிச் சுவைத்தார். பேசவில்லை. மூன்றாம் சுற்றில் குளிர்ந்த குவளையைத் தள்ளிவைத்தார்.

“ரெண்டும் ஒரே புட்டிதானா தம்பி? பொய் சொல்லாதீங்க.”

“ஒரே புட்டிதாண்ணே. உங்க முன்னாலதானே ஊத்தினேன்.”

“இதுல வெள்ளரிக்காத் தோலக் கடிச்ச மாதிரி கடைசியில ஒரு கசப்பு வருது பாருங்க, அது நல்லாயிருக்கு” என்றார். வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்துத் தோலில் சில சமயம் வரும் அந்தக் கைப்பு! எந்த நடுவரின் சொற்களஞ்சியத்திலும் நான் பார்த்திராத உவமை. அன்று முழுவதும் அதைவிடத் துல்லியமாக ஒருவரும் எதையும் சொல்லவில்லை.

ருசிபார்க்கிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு யோசனை சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலப் புத்தகங்களில் வரும் டாஃபி, ஹெஜ்ரோ, டிரீக்கிள் முதலிய உவமானங்களை நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நம் மூக்குக்குக் கருப்பட்டி தெரியும், வறுத்த கேழ்வரகு தெரியும், நாரத்தங்காய் ஊறுகாய் தெரியும், மழைக்குமுன் எழும் புழுதி வாசனை தெரியும். அந்தப் பெயர்களைத் துணிந்து எழுதினால் மதிப்பெண் தாள் இன்னும் நேர்மையாகும்.

ஈ.எஸ்.பி.க்கு வாயில் கனம் அதிகம். நாரத்தை, கருப்பட்டி, கடைசியில் மிளகைத் தொட்டாற்போல் ஓர் உறைப்பு. நன்றாகவே இருந்தது, ஆனால் அந்தி நேரத்துக்குச் சற்று உரத்த குரல். மூன்றாவது புட்டி வெள்ளைக் கண்ணாடி. ஒரு கடையின் அலமாரியில், குழல்விளக்கின் நேர் கீழே, எத்தனை வாரமோ நின்றிருக்கிறது. திறந்ததும், ரப்பரைப் பொசுக்கியதுபோலவும் ஈரத்தில் நாறிய துணிபோலவும் ஒரு துர்வாசனை எழுந்தது. ஹாப்பின் கைப்புச் சத்து வெளிச்சம் பட்டால் சிதைந்து கந்தகம் கலந்த ஒரு வஸ்துவாகிவிடுகிறது. பழுப்புக் கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சை குறைவாகத் தடுக்கும், வெள்ளைக் கண்ணாடி தடுப்பதே இல்லை. போதாததற்கு நெடுநாள் வெப்பத்தில் கிடந்த பியருக்கு வரும் நனைந்த அட்டைப்பெட்டிச் சுவையும் சேர்ந்திருந்தது. காய்ச்சினவர் குற்றமா, சுமந்தவர் குற்றமா, விற்றவர் குற்றமா என்று நாக்கினால் தீர்மானிக்க இயலாது. ஆகவேதான் பெயரை விட்டேன்.

மதிப்பெண் போடும் கட்டம் வந்தபோது எங்கள் மூவரில் இளையவர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை, தாளை விரித்து அரைப் புள்ளிக்கெல்லாம் வாதாடினார். நான் அதை அனுமதிக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன், அரை மதிப்பெண் என்பது திருத்துகிறவரின் சந்தேகமே தவிர மாணவரின் தகுதி அல்ல. லண்டன் பிரைடுக்கு வாசனையில் 12-க்கு 8, தோற்றத்தில் 3-க்கு 3, சுவையில் 20-க்கு 14, வாயுணர்வில் 5-க்கு 3, மொத்த அபிப்பிராயத்தில் 10-க்கு 7, ஆக 35. நடுவர்களின் அளவுகோலில் இது ‘மிக நன்று’. வாயுணர்வில் இரண்டு குறைத்ததன் காரணம், புட்டியில் அடைத்த வாயு பீப்பாயின் மென்மைக்குப் பதிலாகச் சுருக்கென்று இருந்தது. சிஸ்விக்கின் நிலவறையில் இருந்திருந்தால் அந்த இரண்டும் திரும்பக் கிடைத்திருக்கும். ஈ.எஸ்.பி.க்கு 36, ஒரு புள்ளி முந்தியும், மறுநாள் மாலை எதை வாங்குவேன் என்று கேட்டால் பிரைடையே சொல்வேன். பெயரற்ற புட்டிக்கு 3, 2, 8, 3, 3, ஆக 19. காம்ரா முறைப்படி, பராமரிப்புக்கென்று இட்டால், அதற்கு ஒன்று.

அண்ணனிடம் தாளை நீட்டினோம். பெருக்கல் கூட்டலெல்லாம் வேண்டாம் என்று மறுத்துவிட்டு, லண்டன் பிரைடின் பெயருக்கு எதிரே ‘பாஸ்’ என்று எழுதினார். கடைசிப் புட்டிக்கு எதிரே ஒன்றும் எழுதாமல், அதை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரம் துலக்கும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தார்.

நீங்களும் பார்க்க விரும்பினால், பழுப்புப் புட்டியாக, அலமாரியின் பின்வரிசையில் விளக்குப் படாததாக, பின்புறத்துத் தேதியில் இன்னும் சில மாதங்களாவது மீதியிருப்பதாகத் தேர்ந்தெடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றியபின் கால் மணி நேரம் பொறுங்கள். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவில் குறித்த நேரத்துக்குப் பின் கடைகளில் விற்பனையும் கிடையாது, இரவு 10.30 முதல் காலை 7 வரை புளோக்கின் கீழே உட்கார்ந்து குடிக்கவும் கூடாது. தேக்கா வட்டாரத்தில் வாரயிறுதி முழுவதுமே பொது இடத்தில் குடிக்க அனுமதியில்லை. ஆகையால் பொழுது சாய்வதற்குள் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.